தூக்க நான்கு பேர்

கொட்டச்சேடு
11.08.2025

பிரபாகருக்கு,

உன் நம்பரை நேற்று பிளாக் செய்துவிட்டேன். எதற்கென்று உனக்குப் புரிந்திருக்காது. போனில் திட்டலாம் என்றால் அம்மா காதில் விழும். மெயில் அனுப்பினால் உன் பதிலைக் கிறிஸ்டோவின் லேப்டாப்பில்தான் திறக்க வேண்டும், அது சத்தமாகப் படித்துவிடும். அதனால் தாளில் எழுதுகிறேன். பதில் எழுதுவதாக இருந்தால் நீயும் தாளிலேயே எழுது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மா குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். முன்னறை மேசையில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. என் தம்பி இறந்த பிப்ரவரியிலிருந்து அதை நாங்கள் அணைக்கவே இல்லை. மழையில் நெட் அறுந்து திரும்ப வந்தால், அதுவாகவே உங்கள் விளையாட்டுக்குள் நுழைந்து அவன் பெயரில் நின்றுகொள்ளும். அவன் அப்படி அமைத்து வைத்திருந்தான். கண் தெரியாதவன் லேப்டாப் என்பதால் திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் ஒரு குரல் படிக்கும் என்பது உனக்குத் தெரியும். அந்தக் குரலை அவன் காதில் நீதான் முதல்முதலாகப் போட்டுக் காட்டினாய்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அந்தக் குரல் சொன்னது: "கிறிஸ்டோ, நீ இறந்துவிட்டாய். உன் உடல் ஒண்டிக்கடையில் கிடக்கிறது. இனி உனக்கு எதுவும் கேட்காது."

அம்மா கையில் கரண்டியோடு முன்னறைக்கு வந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஒண்டிக்கடையிலயா கெடக்குறான்? ஏன் கண்ணு, நாம பொதைக்கலையா?"

எழுபது வயதாகப்போகிறது. பிள்ளையின் முகத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தவர். ஒரு நொடி தடுமாறிப் போனார். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன் பிரபாகர். நீ புனேயில் இருந்தாய். நீ எப்போதுமே புனேயில்தான் இருக்கிறாய்.

யார் இதைச் செய்தது, எதற்குச் செய்தது என்று எழுது. சுற்றி வளைக்காதே.

தேவகுமாரி

*

புனே
17.08.2025

அன்புள்ள தேவி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. எதை எழுதினாலும் சாக்கு மாதிரி இருக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மேல்காடு என்கிற எங்கள் விளையாட்டில் படம் கிடையாது. எல்லாமே எழுத்து. "ஏரிக்குப் போ" என்று தட்டினால், ஏரி எப்படி இருக்கிறது என்று வரிகள் வரும். அங்கே நிற்கிற மற்ற ஆட்களோடு பேசலாம், சண்டை போடலாம், சாகலாம். கண் தெரியாதவர்கள் தெரிந்தவர்களோடு சரிசமமாக விளையாடக்கூடிய ஒன்று வேண்டும் என்று கிறிஸ்டோவும் நானும் எட்டு வருஷத்துக்கு முன்னால் எழுத ஆரம்பித்தோம். ஒண்டிக்கடை, ஏரி என்று உங்கள் ஊர்ப் பக்கத்து இடங்களை அவன் எழுதினான். உள்ளே ஓடுகிற புரோகிராம் பெரும்பாலும் நான் எழுதியது.

அதில் எங்களை அதிகம் படுத்தியது சாவுதான். ஒரு ஆள் செத்தால் சட்டென்று அழித்துவிட முடியாது. அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவன் கணக்கில் அவன் இன்னும் இருப்பான். கூட நடந்து வருகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருக்கும். இல்லாத ஆளைத் தேடிப் போய் மொத்தப் புரோகிராமும் விழுந்துவிடும். முதலில் எல்லாரிடமிருந்தும் அவனை விடுவிக்க வேண்டும். பிறகு ஒரு உடலை உண்டாக்கி, அவன் பொருளையெல்லாம் அதில் சேர்க்க வேண்டும். அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டும். கடைசியில் அவனுக்கே சொல்லிவிட்டு அவன் காதை மூட வேண்டும். இந்த வரிசை பிசகி எத்தனையோ தடவை எல்லாம் நின்றுபோயிருக்கிறது.

இன்னொரு தொல்லை, பதிவு செய்துவிட்டுத் திரும்பியே வராதவர்கள். அவர்கள் சிலை மாதிரி நின்றுகொண்டே இருப்பார்கள். அதற்காக மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விதி வைத்தோம். நூற்றெண்பது நாள் ஒரு வார்த்தைகூடத் தட்டாதவர் இயற்கையாக இறந்ததாக வைத்துக்கொள்வது. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அது தானாக ஓடும். கிறிஸ்டோ கடைசியாகத் தட்டியது பிப்ரவரி 11, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால். அதிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 10.

அந்தத் தேதி எனக்கு நினைவில்லாமல் போய்விட்டது. அந்தக் குரலும் நினைவில்லாமல் போய்விட்டது. எனக்கு மேல்காடு எழுத்து. உங்கள் வீட்டில் அது குரல் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஒன்பதாம் தேதி எடுத்த நகல் என்னிடம் இருக்கிறது. நீங்கள் சொன்னால் அவனைத் திரும்பவும் ஒண்டிக்கடையில் நிறுத்திவிடலாம். ஒரு நிமிஷ வேலை. அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
பிரபாகர்

*

கொட்டச்சேடு
24.08.2025

பிரபாகருக்கு,

ஒரு நிமிஷ வேலை என்று எழுதியிருக்கிறாய். அதை ஏன் பத்தாம் தேதியே செய்யவில்லை என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

நீ நினைப்பது வேறு, இங்கே நடந்தது வேறு. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அம்மா லேப்டாப்பின் முன்னால் உட்காரவில்லை. அவருக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் நான் எஸ்டேட் ஆபீசிலிருந்து வரும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கிறிஸ்டோ நிற்கிற இடத்துக்கு வந்து உங்கள் ஆட்கள் பேசுவார்கள். அவன் பதில் சொல்ல மாட்டான் என்று தெரிந்தேதான் பேசுவார்கள். தருமபுரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறாராமே கமலக்கண்ணன், அவர் தினமும் ஆறு மணிக்கு வந்து, அன்றைக்கு எந்த பஸ் டிரைவர் நிறுத்தாமல் போனான் என்று சொல்லிவிட்டுப் போவார். வீராயி என்று ஒரு பெண், டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதியிருக்கிறாள். பயமாக இருக்கிறதண்ணா என்று இவனிடம் சொல்லுவாள். இன்னொருவர் பொண்டாட்டியோடு போட்ட சண்டையைச் சொல்லுவார். குரல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிக்கும். அம்மாவுக்கு ஆள் ஆளாகத் தெரியும்.

இப்போது அது வாயைத் திறப்பதில்லை. செத்தவனுக்கு எதுவும் கேட்காது அல்லவா, நீங்கள் எழுதிய சட்டம். பதினான்கு நாளாக அம்மா அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் உட்காருகிறார். விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. நேற்று என்னிடம் கேட்டார்: "அந்தப் புள்ள வீராயிக்கு ரிசல்ட் வந்துச்சான்னு தெரியல கண்ணு. ஆருகிட்டக் கேக்கறது?"

ஆகவே அவனைத் திரும்ப நிறுத்து. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்விக்கு உண்மையைச் சொல். தேதி நிஜமாகவே உனக்கு நினைவில்லையா? எங்கள் அப்பாவின் கடிகாரத்தைவிட நேரம் சரியாகச் சொல்கிற ஆள் நீ. இரண்டாவது, பிப்ரவரி 14-ஆம் தேதி அடக்கத்துக்கு ஏன் வரவில்லை? சின்னப் பிள்ளையிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவனைத் தூக்க நாலு பேரில் ஒருத்தனாக நீ நிற்பாய் என்று அம்மா கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் இடத்தில் எஸ்டேட் ஜீப் டிரைவர் ராஜ்குமார் நின்றார்.

தேவகுமாரி

*

புனே
31.08.2025

அன்புள்ள தேவி அக்காவுக்கு,

பொய் சொன்னேன். தேதி எனக்குத் தெரியும்.

ஜூலை மாதமே தெரியும். கிறிஸ்டோவை மட்டும் விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் எழுதி அழித்தேன். புரோகிராமில் எந்த மனுஷன் பெயரும் இருக்கக்கூடாது என்பது அவன் பிடிவாதம். ஒருத்தனுக்குச் சலுகை வைத்தால் மற்ற எல்லாருடைய சாவும் பொய்யாகிவிடும் என்பான். ஒரு தடவை, முன்பு நான் விளையாட வைத்திருந்த ஆள் சாகிற நிலையில் இருந்தபோது நான் அப்படி ஒரு வரியைத் திருட்டுத்தனமாகப் போட்டுவிட்டேன். கண்டுபிடித்து ஒரு வாரம் பேசவில்லை. அவன் பெயருக்கே விதிவிலக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. பத்தாம் தேதி பன்னிரண்டு மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் போனதை அந்தத் தடவையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தேன். குரலை மறந்தேன் என்று எழுதியது மட்டும் உண்மை. அது மன்னிக்க முடியாத மறதி.

இரண்டாவது கேள்வி.

ஜனவரியில் எங்களுக்குச் சண்டை. செத்தவர்கள் ஆவியாக நிற்கட்டும், பேச முடியாவிட்டாலும் மற்றவர்கள் பேசுவது கேட்கட்டும், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வரட்டும் என்று நான் சொன்னேன். எல்லா விளையாட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு தடவை செத்தால் முடிந்தது என்பதால் நிறையப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "செத்தவனுக்குக் கேக்கும்னு வெச்சுட்டா, இருக்கறவங்க அந்த எடத்த உட்டு நகரவே மாட்டாங்க பிரபா. மத்த எடமெல்லாம் நான் எதுக்கு எழுதுனேன்?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாவு சாவு என்று ஏன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய், அதைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். வாரம் மூன்று நாள் டயாலிசிசில் படுத்திருக்கிறவனிடம். அவன் சிரித்தான். போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

பதின்மூன்றாம் தேதி நீங்கள் போன் செய்தபோது பெங்களூருக்கு விமானம் இருந்தது. நான் போகவில்லை. மேல்காட்டுக்குள் போய் ஒண்டிக்கடையில் நின்றேன். அவனைத் தெரிந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் உண்டு, அவர்களுக்கு அங்கேதான் செய்தி சொல்ல முடியும். ஒவ்வொருத்தராக வர வர, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் செய்தியைத் தட்டினேன். அன்றைக்கும் மறுநாளும். இது என் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அதுதான் காரணம். உங்கள் அம்மா முகத்தை என்னால் பார்த்திருக்க முடியாது அக்கா.

அவனை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன். அவன் சொன்னதை நீங்கள் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிரபாகர்

*

கொட்டச்சேடு
08.09.2025

பிரபாகருக்கு,

என் தம்பியின் கொள்கையை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். அவன் செத்த பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாய். உயிரோடு இருந்தபோது அவனிடம் மன்னிப்புக் கேட்க மூன்று வாரம் இருந்தது உனக்கு.

அவனுக்கு அவன் சட்டம். எனக்கு என் அம்மா. சாப்பாடு பாதியாகிவிட்டது. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார். அவனைத் திரும்ப நிறுத்து என்றால் நிறுத்து.

தேவகுமாரி

*

புனே
14.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சரி. அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்குச் செய்துவிடுகிறேன். உடனே செய்ய முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக்கூடாது.

அவன் உடல் இன்னும் ஒண்டிக்கடையில்தான் கிடக்கிறது. மற்ற விளையாட்டுகளில் உடல் பத்து நிமிஷத்தில் தானாக மறைந்துவிடும். மேல்காட்டில் மறையாது. நாலு பேர் சேர்ந்து "தூக்கு" என்று தட்டினால்தான் நகரும். தூக்கிக்கொண்டு கல்லறை மேட்டுக்குப் போய்ப் புதைக்க வேண்டும். மூன்று பேர் தட்டினால் அசையாது. இது அவனே உட்கார்ந்து எழுதிய பகுதி.

நாலு பேருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் தூக்க மாட்டேன் என்கிறார்கள். ஒரு இடம் வீட்டுக்காரர்களுக்கு என்று கமலக்கண்ணன் சொல்லிவிட்டார். ஒரு மாதமாக முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்கள். ஒண்டிக்கடையில் யாரும் எதுவும் வாங்குவதில்லை, சண்டை போடுவதில்லை. அவனைத் திரும்ப நிறுத்தப்போகிறேன் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு அந்த மூன்று வாரம் வேண்டும்.

வீராயி பாஸ் செய்துவிட்டாள். பென்னாகரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

பிரபாகர்

*

கொட்டச்சேடு
22.09.2025

பிரபாகருக்கு,

உன் கடைசிக் கடிதத்தைத் தபால்காரர் அம்மா கையில் கொடுத்துவிட்டார். நான் ஆபீசில் இருந்தேன். வந்து பார்த்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து முடித்திருந்தார். அதோடு விடவில்லை. என் பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியில் வைத்திருந்த மற்ற இரண்டையும் எடுத்துப் படித்திருந்தார். மூன்றும் மடியில் இருந்தன.

எனக்கு உயிரே போய்விட்டது. ஜனவரியில் நீ அவனிடம் சொன்னதும் அதில் இருந்ததே. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை அம்மா. காபி போட்டுக் கொடுத்தார். பிறகு நிதானமாகக் கேட்டார், கிறிஸ்டோதான் செத்தவனுக்குக் கேட்காது என்று வைத்தானா என்று. ஆமாம் என்றேன். நாலு பேர் வேண்டும் என்று வைத்ததும் அவனா என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஆறு மாசமா அவங்க என்ற பையன்கிட்டப் பேசுனத நான் ஒட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு வாயில்லையா? எனக்குன்னு ஒரு ஆளை உண்டு பண்ணச் சொல்லு. நான் வந்து தூக்கறேன்."

நான் சண்டை போட்டேன். வேண்டாம் அம்மா, அவனைத் திரும்ப நிறுத்திவிடுவார்கள், பழையபடி எல்லாம் கேட்கும் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால், அந்தக் குரல் எனக்கும்தான் வேண்டியிருந்தது. வேலை விட்டு வரும்போது முன்னறையில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது காதில் விழும். தம்பிக்குக் கண் போனதிலிருந்து பதினோரு வருஷமாக அவன் கையைப் பிடித்து நடந்தவள் நான். அம்மாவுக்காக என்று உனக்கு எழுதியதெல்லாம் பாதிதான் நிஜம்.

அம்மா மசியவில்லை. பெண்கள் தூக்கலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். நம் ஊரில் அன்றைக்கு நாங்கள் இருவரும் பின்னால்தானே நடந்தோம். அதையும் உன்னிடம் கேட்கச் சொன்னார். புதிதாக வருகிற ஆளுக்குப் பலம் இருக்காது, எதையும் தூக்க முடியாது என்று கிறிஸ்டோ சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதையும் பார்.

திரும்ப நிறுத்த வேண்டாம். அதே தேதி, அதே நேரத்தில் தூக்கலாம்.

தேவகுமாரி

*

புனே
28.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அவன் எழுதிய பகுதியைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். எட்டு வருஷத்தில் அதை நான் படித்ததே இல்லை, அவன் வேலையை நான் சோதிப்பதில்லை. ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. பலத்தையும் பார்ப்பதில்லை. வேறு எந்தப் பொருளைத் தூக்கினாலும் பார்க்கும், இதற்கு மட்டும் அந்தச் சோதனை இல்லை. மறந்துவிட்டானோ என்று நினைத்தேன். மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறான்: "இங்கே பலம் கேட்காதே. வந்து நின்றாலே போதும்."

என்னை ஒரு ஆளாகச் சேர்ப்பார்களா என்று கமலக்கண்ணனிடம் கேட்டேன். அங்கே எனக்கு மேஸ்திரி என்று பெயர். புரோகிராமை நடத்துகிற ஆள், எனக்குச் சாவு கிடையாது. மேஸ்திரி தூக்க முடியாது, அவருக்கு உடம்பே இல்லையே என்றார் அவர். நியாயம். அதனால் நேற்று எல்லாரையும் போல ஒரு சாதாரண ஆளாகப் பதிவு செய்துகொண்டேன். பெயர் பிரபாகர். அடிபட்டால் சாவேன்.

கமலக்கண்ணன், வீராயி, நான். நாலாவது இடம் அம்மாவுக்கு. அம்மா ஒப்புக்கொண்டால் மட்டும் நான். இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறார்கள். செய்தி வராவிட்டால் நாலு மணிக்கு வந்து நிற்பேன்.

லேப்டாப்பில் கிறிஸ்டோ பெயரில் இருக்கிற இணைப்பை முதலில் முடிக்க வேண்டும். அதை நான் இங்கிருந்து செய்ய முடியும். செய்ய மாட்டேன். நீங்களே "வெளியேறு" என்று தட்டுங்கள்.

பிரபாகர்

*

கொட்டச்சேடு
06.10.2025

பிரபாகருக்கு,

நேற்று நடந்ததில் உன் பக்கம் உனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தை எழுதுகிறேன்.

மூன்றரைக்கே அம்மா குளித்து, பூசைக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். வெளியே தூறல். "வெளியேறு" என்று நான் தட்டினேன். கடைசி எழுத்துக்கு அப்புறம் அந்த என்டரை அழுத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. அம்மா என் முதுகில் கை வைத்தார், அழுத்தினேன். குரல் "போய் வா" என்றது. எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுமாம். இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்துத்தான் புது ஆளைப் பதிவு செய்தேன். பெயர் என்ன என்று கேட்டது. அம்மா பெயரையே, ராணி என்று போட்டேன்.

ஒண்டிக்கடையில் யார் யார் நின்றீர்கள் என்று குரல் ஒவ்வொரு பெயராகப் படித்தது. முப்பத்தேழு. அம்மா விரல் விட்டு எண்ணினார். வீராயி பெயர் வந்ததும், "புள்ளைக்கு வேல கெடச்சதுக்கு நொம்ப சந்தோசம்னு போடு கண்ணு," என்றார். போட்டேன். தனக்குத் தெரியாத ஒரு புது ஆள் தன் வேலையைப் பற்றிச் சொல்கிறாரே என்று விழித்திருப்பாள். அப்புறம் யாரோ, "நீங்க யாருங்க?" என்று கேட்டார்கள். "கிறிஸ்டோவோட அம்மா" என்று தட்டினேன்.

"தூக்கு" என்று அம்மாவுக்காக நான்தான் தட்டினேன். குரல் நாலு பெயரையும் சொன்னது. கமலக்கண்ணன், வீராயி, பிரபாகர், ராணி. உடல் எழுந்தது என்றது. உன் பெயர் வந்தபோது அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். மேடு வரைக்கும் வழியில் எதையும் படிக்கவில்லை. "பார்த்து நட" என்பதை மட்டும் ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டே வந்தது. அம்மா அதற்குத் தகுந்தபடி வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தார். மண் போட்டதும் முடிந்தது. அதிகம் போனால் கால் மணி நேரம். நிஜத்தில் அன்றைக்கு எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது, ஆனால் அது எதுவுமே எனக்கு ஞாபகமில்லை. இது முழுக்க ஞாபகம் இருக்கிறது.

நீ உடனே போய்விட்டாய். அதற்கு அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது.

எல்லாரும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா மேட்டை விட்டு நகரவில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கமலக்கண்ணன் மட்டும் இருந்தார். "இங்கயே நிக்காதீங்கம்மா. கெழக்கால போனா ஏரிக்கரைங்க. நானும் வரேன்," என்றார். எப்படிப் போவது என்று அம்மா என்னைக் கேட்டார். ஒரே ஒரு எழுத்துத் தட்டினால் போதும் என்று காட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டு, அந்த ஒரு எழுத்தைத் தானே தட்டினார்.

குரல் படித்தது: "ஏரிக்கரை. முன்னால் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம். பின்னால் சோளம் சுடும் கரி வாசனை. காற்று உன் கழுத்துக்கு இடப்பக்கம் படுகிறதா? பட்டால் நீ சரியாகத்தான் நிற்கிறாய்."

இது ஆர் எழுதுனது என்று அம்மா கேட்டார். கிறிஸ்டோ என்றேன். அம்மா கழுத்தில் இடப்பக்கம் கை வைத்துக்கொண்டார்.

ஆறு மாசம் அவனை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஊரில் உள்ளவர்கள் பேச்சையெல்லாம் கேட்டோம் பிரபாகர். அவன் பேச்சு மொத்தமும் அடுத்த அடியில் இருந்திருக்கிறது. இன்னும் எத்தனை இடம் எழுதியிருக்கிறான் என்று அம்மா கமலக்கண்ணனைக் கேட்கச் சொன்னார். முந்நூற்று நாற்பது என்றார் அவர். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று அம்மா சொல்லிவிட்டார். இன்றைக்குச் சாயங்காலம் படகுத்துறை.

உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். "தூக்க வந்து நின்னானில்ல, அது போதும்னு எழுது," என்றார் அம்மா. எழுதிவிட்டேன்.

அம்மாவுக்குப் போதும். எனக்குப் போதாது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். காலை ஆறரைக்குப் பூசை, அது முடிந்து கல்லறைக்குப் போவோம். முதல் நாளே வந்துவிடு. உன் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

அக்கா